பதினேழாவது கேள்வி

1

இந்தக் கதை என் பேனாவில் தொடங்கியது. அலங்காரமாகச் சொல்லவில்லை. குடிவரவு அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் பேனா கேட்டார், கொடுத்தேன். லிஃப்ட் மெக்கானிக். (பெயரும் சொன்னார். அதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.)

2

முதல் வரைவு: ‘நீதிமன்றம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.’ அடித்துவிட்டேன். அவர் இப்படி அழகாக ஒன்றும் பேசவில்லை. விவாகரத்துக்குப் பின், ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் மகளைத் தாயிடம் விட்டுவிட வேண்டும் என்பது குடும்ப நீதிமன்ற உத்தரவு. மூன்று ஞாயிறுகளில் தாமதமாக விட்டார்.

“ஊஞ்சல் ஆடிட்டு வந்து அசந்து தூங்கிடுவா சார். தூங்குற புள்ளைய எப்படி எழுப்புறது?”

உத்தரவை மதிக்காததற்குப் பதினான்கு நாள் சிறை.

3

இங்கே அவரைச் சந்தேகித்தேன். ஒரு மனிதர் இவ்வளவு அப்பாவியாக இருப்பாரா? கேட்டேன்.

“மூணாவது தடவ வீம்புதான் சார்.”

கதைக்கு நல்லது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

4

விசா நீட்டிப்புப் படிவம். பதினேழாவது கேள்வி: எப்போதாவது சிறையில் இருந்ததுண்டா?

“என்ன போடட்டும்? நீங்க எழுதுறவரு, உங்களுக்குத் தெரியும்.”

“திருடுனீங்களா, யாரையாவது அடிச்சீங்களா? குடும்பத் தகராறு. இதெல்லாம் கணக்குல வராது. இல்லைன்னே போடுங்க.”

அவர் தயங்கினார். நானே பேனாவை வாங்கி ‘இல்லை’ கட்டத்தில் குறியிட்டேன். [முந்தைய நான்கு வரைவுகளிலும் இந்த வாக்கியம் இல்லை.]

5

‘ஆம்’ என்றிருந்தால் விளக்கம் மட்டும் கேட்டிருப்பார்கள். ‘இல்லை’ பொய்த் தகவலாகிவிட்டது. நாட்டைவிட்டு வெளியேற்றம், பத்து வருடத்துக்குத் திரும்ப முடியாது. மகளுக்கு ஆறு வயது.

6

முடிவு அ: மேல்முறையீட்டில் அதிகாரி மனமிரங்குகிறார். (கடிதம் வந்துவிட்டது. இரங்கவில்லை.)

முடிவு ஆ: விமான நிலையத்தில் மகள் ஓடிவந்து... வேண்டாம். அன்று அவளுக்குப் பள்ளிக்கூடம்.

நேற்று தொலைபேசியில் பேசினார். “கடைசி ஞாயித்துக்கெழம சார். தோள்லயே தூங்கிட்டா. அஞ்சரைக்கே எழுப்பிட்டேன்.”

பிறகு சொன்னார்: “குறி போட்டது யாருன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லிட்டேன். உங்கள எதுக்கு இதுல இழுக்கணும்?”

7

வியாழக்கிழமை விமானம். இன்று செவ்வாய். நான் உண்மையைச் சொன்னால் கேட்பார்களா, தெரியாது. அலுவலகம் என் வீட்டிலிருந்து நான்கு பேருந்து நிறுத்தம். நானோ காலையிலிருந்து உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசி வாக்கியத்தை ஆறு முறை தொடங்கிவிட்டேன், எழுத்தாளன் என்ன செய்கிறான் என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. முடிந்தால் நீங்கள் முடியுங்கள்:

புதன்கிழமை காலை, அலுவலகம் திறக்கும் நேரத்தில், எழுத்தாளன்