கஞ்சி போட்ட கயிறு

வெற்றிலைப் பையைக் கட்டியிருந்த மஞ்சள் கயிறு, வெள்ளைத்தாயின் ஈரக்கை பட்டதும் இரண்டாகப் போனது. அவள் இழுக்கக்கூட இல்லை. நனைந்த அப்பளம் மாதிரி பிரிந்து வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தின் பின்பக்கக் குழாயடியில் நின்றபடி அவள் அந்தத் துண்டையே பார்த்தாள். அது தாலிக்கயிற்றில் மிஞ்சிய துண்டு. மற்றது உள்ளே, தேங்காய்த் தட்டில், தாலியைக் கோத்துக்கொண்டு சபையைச் சுற்றிவந்து கொண்டிருந்தது. இன்னும் செத்த நேரத்தில் அவள் தம்பி சிவபாண்டி அதைக் கட்டப்போகிறான்.

கயிற்றை முறுக்கியவள் வெள்ளைத்தாய்.

இது கைவேலைக் கல்யாணம். தாம்பூலப் பை வீட்டில் தைத்தது. மணமேடைத் தோரணம் வீட்டில் பின்னியது. பத்திரிகையில் இருந்த மயிலை வரைந்தவர் அவள் அப்பா சோலைச்சாமி, ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். அந்த மயிலைக் கோழி என்று நினைத்தவர்கள் மரியாதைக்காக வாயைத் திறக்கவில்லை. 'கடைச்சரக்கே இல்லாத கல்யாணம்' என்று வாசலில் கட்டியிருந்த பேனரை மட்டும் கடையில்தான் அடித்தார்கள்.

"கடையில வாங்குறது பொருளு! கையால செய்யுறது பாசம்!" என்று அப்பா காலையிலிருந்து மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். பாசமெல்லாம் மைக்கோடு சரி. சிவபாண்டிக்கு முன்பு நிச்சயமான சம்பந்தம் முறிந்து, கொடுத்த தட்டும் சேலையும் திரும்பி வந்ததிலிருந்து, வெளியிலிருந்து வரும் எதுவும் எவர் கண் பட்டு வருகிறதோ என்று அந்த வீடு நடுங்கிக் கிடந்தது. வீட்டுக் கை பட்டால் விளங்கும் என்று ஒரு நம்பிக்கை. அதைப் பயம் என்று சொன்னால் சப்-இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வரும்.

வெள்ளைத்தாய் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே ஓடும் நூலிலேயே கயிறு திரித்துவிட்டாள். பஞ்சு மாதிரி வெள்ளை. உலர்ந்த மஞ்சள்பொடியைத் தேய்த்ததும் ஆசையாகப் பிடித்துக்கொண்டது. முறுக்குக் குறைந்த நூல் அது. நர்ஸ் கையாலேயே கிழிக்கும் துணிக்கு உரியது. அதை விறைப்பாக நிறுத்திவைத்திருந்தது தறிக்கு ஏற்றுமுன் நூலுக்குப் போட்ட கஞ்சி. தண்ணீர் பட்டால் கஞ்சி போகும் என்பது அவள் தினம் பார்க்கிற சங்கதிதான். கல்யாணக் கயிற்றில் தண்ணீர் படும் என்பதைத்தான் நினைக்காமல் போனாள். ஐயர் தீர்த்தம் தெளிப்பார். பெண்ணின் கழுத்து வேர்க்கும். தம்பியோ ராணுவத்தில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிப் பழகியவன்.

மேடைக்கு ஓடினாள்.

"அப்பா, அந்தத் தட்டைச் செத்த குடுங்க."

"ஏட்டி, சபை தொட்டுக் கும்பிட்ட தாலி அது. நீ எதுக்கு?"

"கயிறு..."

"கயித்தப் பத்தி நானே சொல்லப்போறேன்!" அவர் கையில் மைக் உயிரோடு இருந்தது. அவள் பெண் அறைப் பக்கம் திரும்பினாள். இந்த மனுஷரிடம் ரகசியம் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்று.

அறைக்குள் மணப்பெண் மாரிச்செல்வி தனியாக இருந்தாள். வ. புதுப்பட்டிப் பெண்; வாயாடி. வெள்ளைத்தாய் சொல்லச் சொல்ல அவள் முகத்துப் பவுடர் மட்டும் தனியாகத் தெரிந்தது.

"மதினி, விளையாடாதீங்க."

"விளையாடுற மூஞ்சியாட்டி இது? ஓடிப்போய் வேற வாங்கியாரச் சொல்லவா?"

"சபைக்கு நடுவுல மாத்துனா சும்மா விடுவாகளா? இவளுக்கு ரெண்டாங்கயிறுன்னு எங்க ஊர் பஸ்ல டிக்கெட் குடுத்துப் பேசுவாக." குரல் உடைந்தது. "அறுந்துச்சுன்னா அதைவிட மோசம். அவருக்குப் பார்டர்ல தலைவலி வந்தாக்கூட என் கழுத்தத்தான் பாப்பாக."

வெள்ளைத்தாய் அறுந்த துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"என் கழுத்துக்குப் பின்னாடி நீங்கதான நிப்பீக? என்ன ஆனாலும் கைய எடுத்துராதீங்க மதினி."

கெட்டிமேளம் கொட்டியது. சிவபாண்டி முதல் முடிச்சைப் போட்டு, எதிரியைக் கட்டுவதுபோல் இழுத்தான். கயிறு அறாமல் தாங்கியது. நாத்தனார் போடவேண்டிய இரண்டு முடிச்சுகளையும் வெள்ளைத்தாய் பூவைத் தொடுவதுபோல் போட்டாள். அட்சதை விழுந்தது. தீர்த்தமும் விழுந்தது. மூன்று புரியில் ஒரு புரி விரலுக்கடியில் மெல்ல அவிழ்ந்து வழுக்கியது. முடிச்சோடு சேர்த்துக் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"முடிச்சுப் போட்டாச்சுல்லம்மா, கைய எடுங்க" என்றார் ஐயர்.

எடுக்கவில்லை. மாரிச்செல்வியின் பிடரி அவள் விரல்களுக்குக் கீழே துடித்தது. முன்வரிசையில் இரண்டு கிழவிகள் காதைக் கடித்துக்கொண்டார்கள். அக்கினியைச் சுற்ற எழுந்தபோது வெள்ளைத்தாயும் பிடித்த பிடியில் கூடவே நடந்தாள். சபை சலசலத்தது.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத இடத்தில் மௌனமாக இருந்து அவருக்குப் பழக்கமும் இல்லை. "நாத்தனார் பிடரியைத் தாங்கி வலம் வருவது எங்கள் குலத்தின் தொன்றுதொட்ட வழக்கம்!" என்று மைக்கில் அறிவித்தார். கைதட்டினார்கள். போட்டோகிராபர் மண்டியிட்டு எடுத்தார். இரண்டாம் சுற்றில் இன்னொரு புரி நெகிழ்ந்தது. மீதி ஒற்றைப் புரியும் அவள் விரல்நுனியும்தான் அந்தத் தாலியைத் தாங்கின.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும், வெள்ளைத்தாயின் பிடியைப் பார்த்தே விஷயம் புரிந்து கூடவே வந்திருந்த பெண்ணின் அம்மா கருத்தம்மா இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கடைக்கயிறு.

"எப்பம்மா வாங்குன?" என்றாள் மாரிச்செல்வி.

"பாசத்தப் பத்தி மைக்குல பேசுறாருல்ல, அப்பவே போய் வாங்கிட்டேன். எனக்குப் பயம்."

பழையதை அவிழ்க்க மூவருக்கும் துணிவில்லை. அது கழுத்தில் இருக்க, புதியதைத் தாலியில் கோத்து, கருத்தம்மா இறுக்கி முடிந்தாள். அதன் பிறகே வெள்ளைத்தாய் விரலை விரித்தாள். பழைய கயிறு அவள் கையோடு வந்தது.

கதவு தட்டப்பட்டது. அப்பாதான்.

"பொண்ணக் கூட்டிட்டு வாங்க! கயித்தக் கிட்டத்துல வச்சு வீடியோ எடுக்கணுமாம். எம்மக முறுக்குன கயிறு, ஊரே பாக்கட்டும்!"

கடை மஞ்சள் பளீரென்று இருந்தது. வீட்டு மஞ்சளுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் குருடனுக்கும் தெரியும். கருத்தம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மாரிச்செல்வி மாலையை மேலே ஏற்றிவிட்டு, தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"வாங்க மதினி. கைய வைங்க."

"இப்ப எதுக்குட்டி? அதான் கெட்டியா இருக்கே."

"கயித்த மறைக்கத்தான். உங்க குல வழக்கமாச்சே."

வெள்ளைத்தாய் கையை வைத்தாள். புதுக்கயிறு அசையவில்லை. அவள் விரல்கள்தான் பழையபடியே அதைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டன.