குப்புராஜ் ஏற்றிய லாரித் தண்ணீர்

சேலையூர்ப் பக்கம் பெண் பார்க்கப் போனால் பஜ்ஜி கொடுப்பார்கள். வீடு பார்க்கப் போனால் சோப்பு கொடுப்பார்கள். ஹால் எத்தனை அடி, வாசல் எந்தத் திசை என்பதெல்லாம் பிற்பாடு. வந்தவர்கள் முதலில் குழாயைத் திறந்து கையில் சோப்பு போட்டுப் பார்ப்பார்கள். நுரை வந்தால் உட்கார்ந்து பேசுவார்கள். வராவிட்டால் செருப்பைத் தேடுவார்கள்.

குப்புராஜ் வீட்டு மாடிப் போர்ஷனைப் பார்க்க வந்தவர்களில் செருப்பைத் தேடாதவர் அபூர்வம். அவருடைய அப்பா காலத்தில் அது கத்தரிக்காய்த் தோட்டம். வீடு கட்டிப் பாறையைக் குடைந்து போர் போட்டபோது, தண்ணீர் என்ற பெயரில் ஒரு வஸ்து மேலே வந்தது. அதில் கை கழுவினால் சோப்புதான் சுத்தமாகும். குழாய்களுக்கு வெள்ளைத் தாடி வளர்ந்தது. துவரம்பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுத் திரும்பியவர்கள் உண்டு. பருப்பு அப்போதும் விறைப்பாகவே இருந்தது. கடைசியாகக் குடியிருந்த வங்கிக்காரருக்கு மொட்டை போடத் திருப்பதி போகும் சிரமத்தைக்கூட அந்தத் தண்ணீர் வைக்கவில்லை.

அவர் பொங்கலோடு காலி செய்தார். வைகாசி வந்தும் மாடி பூட்டிக் கிடந்தது. குப்புராஜின் மனைவி அஞ்சம்மாள் ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஆனிக்குள்ள ஆள் வரலைன்னா என் தம்பி ஏகநாதன் வந்து இருந்துக்கட்டும். சும்மாதானே கீது."

குப்புராஜ் தட்டைத் தள்ளிவைத்தார். மைத்துனன் ஏகநாதன் ஒரு முறை கல்யாணத்துக்கு வந்து, அந்தக் கல்யாணப் பெண்ணின் குழந்தைக்குக் காது குத்தியபிறகுதான் கிளம்பினான். காலைப் பேப்பரை முதலில் அவன்தான் பிரிப்பான். நீத்தார் விளம்பரம் வரை உரக்கப் படிப்பான். படித்து முடித்ததும், "மாமா, நீ இந்த நிலத்தை அன்னைக்கே வித்திருக்கணும்" என்று ஆரம்பிப்பான். அந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி கிடையாது.

இப்படி இருக்கையில்தான் பம்மலிலிருந்து அப்துல் ரசாக் போன் செய்தார். பெல்ட் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்.

குப்புராஜ் மொட்டைமாடித் தொட்டியைக் காலி செய்தார். அதை நிரப்ப முடிச்சூர்ப் பக்கத்து வயல்கிணற்று நல்ல தண்ணீர் லாரிக்குச் சொன்னார். மழை பொய்த்த அந்த வருஷம் மாப்பிள்ளை கிடைத்தாலும் லாரி கிடைக்காது. சனிக்கிழமை லாரி தெருவுக்குள் நுழைந்தபோது தேர் வந்ததுபோல் சனம் வாசலுக்கு வந்துவிட்டது.

"இன்னாய்யா இது, ஊரை ஏமாத்தற வேலை?" என்றாள் அஞ்சம்மாள். "அவங்க குடிவந்தப்புறம் இன்னா பண்ணுவே?"

"வந்தப்புறம் பழகிடும். நாம பழகல?"

ஞாயிறு காலை ரசாக்கும் அவர் மனைவி ஜஹீராவும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். குப்புராஜ் புது சோப்பை உறை பிரித்து நீட்டினார். ஜஹீரா குழாயைத் திறந்து கையில் தேய்த்தாள். நுரை பொங்கி மணிக்கட்டைத் தாண்டி வளையலுக்குள் புகுந்தது.

"மாஷா அல்லாஹ்!" என்றார் ரசாக்.

குப்புராஜ் மனக்கண்ணில் ஏகநாதன் பெட்டியோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தான்.

ஜஹீரா கையை அலம்பினாள். மறுபடி அலம்பினாள். புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மீண்டும் அலம்பினாள். முகம் சுருங்கியது.

"ஏங்க, போகவே மாட்டேங்குது. வழவழன்னு கீது. எண்ணெய் கலந்த தண்ணி இது."

"எண்ணெயா! தங்கச்சி, இது பால் மாதிரி தண்ணி" என்றார் குப்புராஜ்.

"எங்க தெருவுல போர்ல மினுமினுன்னு எண்ணெய்ப் படலம் வருதுன்னுதானே அண்ணே வீடு தேடறோம்? அங்கேயாவது சோப்பு போட்டு அலம்பினா கை கரகரன்னு ஆகும். இது அதைவிட மோசம்."

பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் குளித்தவள். நல்ல தண்ணீரில் சோப்பு வழவழப்பு லேசில் போகாது என்பது அவள் தோலுக்குப் பழக்கமில்லை. ரசாக் செருப்பை மாட்டினார்.

குப்புராஜ் மாடிப்படியில் உருண்டுவராத குறையாக ஓடிவந்து ஸ்கூட்டரை மறித்தார்.

"பாய், நில்லு பாய்! அது என் தண்ணியே இல்ல. லாரித் தண்ணி. என் தண்ணி உப்புத் தண்ணி!"

"தன் தண்ணி உப்புன்னு சொல்ற வூட்டுக்காரரை இப்பதான் பாக்கறேன்" என்றார் ரசாக்.

"ஏதோ மறைக்கிறாரு, வாங்க போலாம்" என்றாள் ஜஹீரா.

"மறைக்கிறேனா? தாம்பரத்துலருந்து செங்கல்பட்டு வரைக்கும் இந்த மாதிரி உப்பு ஒண்ணு காட்டு பாப்போம்! அஞ்சம்மா, நீயே சொல்லு, நம்ம தண்ணி எப்பிடி?"

அஞ்சம்மாள் வாசற்படியில் நின்று தம்பியை நினைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்ல தண்ணிங்க. பன்னீர் மாதிரி."

இருபத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் அவள் அந்தத் தண்ணீரை ஒரு தடவையும் புகழ்ந்ததில்லை. குப்புராஜ் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே ஓடி வெந்நீர்த் தவலையைத் தூக்கிவந்து கவிழ்த்துத் தட்டினார். சுண்ணாம்புப் பொருக்கு அப்பளம் அப்பளமாக விழுந்தது. அதை வைத்து ஒரு சுவருக்கு வெள்ளையடித்துவிடலாம். அதே வேகத்தில் மோட்டார் பக்கத்தில், போரிலிருந்து நேராக வரும் குழாயைத் திறந்துவிட்டார்.

ஜஹீரா இறங்கிவந்து சோப்பைத் தேய்த்தாள். நுரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அலம்பினாள். விரலும் விரலும் உரசிக் கிறீச்சிட்டன. ஒரு வாய் எடுத்துக் கொப்புளித்துத் துப்பினாள்.

"உப்புதான்" என்றாள் நிம்மதியாக. "சுத்தமான உப்பு. படலம் இல்ல, வாடை இல்ல. ஏங்க, இதான் தண்ணி."

"பாத்தியா பாய்!" என்றார் குப்புராஜ்.

ஜஹீரா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். மேலே இருக்கும் வழவழப்பு முழுவதையும் இறக்கித் தொட்டியைக் கழுவி, போர் தண்ணீரை ஏற்றினால் வரும் வெள்ளிக்கிழமையே குடிவந்துவிடுவார்கள். குப்புராஜ் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டார். சேலையூரே பார்த்துப் பெருமூச்சு விட்ட நல்ல தண்ணீர் குழாய் வழியே தெருவுக்கு இறங்கியது. எந்த வீட்டிலிருந்து எவர் சொன்னாரோ, பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டிவிட்டன. வரிசையில் முதலாவதாக, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக, உம்மென்று அஞ்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"வர வேணாம்னு உன் தம்பிக்குப் போன் பண்ணிட்டியா?" என்றார் குப்புராஜ்.

"குடம் ரொம்பட்டும், இருய்யா" என்றாள் அவள்.