டி டிரைவில் நானூறு பேர்

வெள்ளிக்கிழமை மத்தியானம் மானேஜர் கதிர்காமநாதன் கிளார்க் பத்மாவதியின் மேசைக்கு வந்து, பழைய ஊழியர் பட்டியலை அழித்துவிடச் சொன்னார்.

“திங்கக்கிழம புது ஸ்டாக் புரோகிராம் போட வராங்க. டிஸ்க்ல எடம் பத்தாதாம். பிறை ஃபேக்டரிய மூடி மூணு வருஷமாச்சு. அந்த லிஸ்ட் இனி யாருக்கு?”

அது 1989. பீச் ஸ்திரீட் அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். பட்டியலில் நானூற்றுச் சொச்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். யார் எப்போது சேர்ந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. கடலுக்கு அக்கரையில் பிறையிலும் ஜுருவிலும் புதுத் தொழிற்சாலைகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. அனுபவக் கடிதம் கேட்டு வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது ஃபெர்ரி ஏறி வந்தார்கள். காகிதக் கோப்புகளைக் கறையான் தின்றாகிவிட்டது. ஒருமுறை ஃபிளாப்பியில் எடுத்து வைத்ததும் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது.

“நாளைக்கு ஒரு நாள் குடுங்க சார். எடம் கெடைக்குதான்னு பாக்குறேன்,” என்றாள் பத்மாவதி.

“எங்கேருந்து கெடைக்கும்? சரி, பாருங்க. திங்கக்கிழம காலையில எடம் இருக்கணும்.”

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கம்ப்யூட்டர் வந்த பெட்டியில் நாற்பது மெகாபைட் என்று அச்சிட்டிருந்தது. செக்டிஸ்க் என்று தட்டினால் திரை முப்பத்திரண்டைத்தான் காட்டியது. அன்று மாலை பட்டர்வொர்த் வீட்டுக்குத் திரும்பும் ஃபெர்ரியில், கம்ப்யூட்டரோடு வந்த டாஸ் கையேட்டை மடியில் விரித்தாள். டிஸ்க்கின் ஒரு பகுதி முப்பத்திரண்டு மெகாபைட்டைத் தாண்டாது என்று போட்டிருந்தது. மிச்சத்தைத் தனிப் பகுதியாக்க எஃப்டிஸ்க் என்ற கட்டளை உண்டு. கை தவறினால் டிஸ்க் முழுவதும் போய்விடும் என்றும் அதே பக்கத்தில் எழுதியிருந்தது.

சனிக்கிழமை அரை நாள். எல்லோரும் கிளம்பிய பிறகு டைப்பிஸ்ட் சித்தி ஆயிஷா மட்டும் துணைக்கு இருந்தாள். பட்டியலை முதலில் புது ஃபிளாப்பிகளில் எடுத்துக்கொண்டு, பத்மாவதி எஃப்டிஸ்க் தட்டினாள். எண்ணிட்ட நான்கு வேலைகள் திரையில் வந்தன. நான்காவது வெறுமனே பார்ப்பதற்கு. அதை அழுத்தினாள். டிஸ்க்கின் இடத்தைச் சிலிண்டர் கணக்கில் காட்டியது, மொத்தம் எண்ணூற்று இருபது. அதுவரை எல்லாம் இருந்த பகுதியான சி டிரைவ் எடுத்துக்கொண்டது அறுநூற்று நாற்பத்திரண்டு.

“நூத்தி எழுவத்தெட்டு சும்மா கெடக்கு ஆயிஷா. யாரும் தொடவே இல்ல.”

“அப்ப செய்ங்க லா, அக்கா.”

“ஒண்ணாம் நம்பர் உண்டாக்குறது, மூணாம் நம்பர் அழிக்கிறது. நான் தட்டுறதுக்கு முன்னால நீ ஒவ்வொரு வரியா வாசி.”

ஆயிஷா வாசிக்க வாசிக்க அவள் தட்டினாள். புதுப் பகுதிக்கு டி என்று பெயர் வந்தது. கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பி, ஃபார்மட் கொடுத்தாள். இந்த டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரை கேட்டது. பத்மாவதியின் விரல் நின்றுவிட்டது.

“டி தானே? சி இல்லையே?”

“டி தான் அக்கா. மூணு தரம் பாத்துட்டேன்.”

அழுத்தினாள். டிஸ்க் கரகரவென்று ஓடி ஓய்ந்தபோது ஒன்பது மெகாபைட் காலி இடம் கிடைத்திருந்தது. பட்டியலை அங்கே பிரதி எடுத்து, பத்துப் பேரின் விவரத்தைத் திறந்து சரிபார்த்த பிறகே சி டிரைவில் இருந்ததை நீக்கினாள்.

திங்கட்கிழமை புரோகிராம் தடையில்லாமல் ஏறியது.

“எத அழிச்சீங்க?” என்று கேட்டார் கதிர்காமநாதன்.

“ஒண்ணும் போகல சார். டிஸ்க்லயே பிரிக்காம கெடந்த எடம்.” செய்ததை எல்லாம் சொன்னாள்.

“முன்னாடியே சொல்லியிருந்தா வேணாம்னிருப்பேன்.”

“தெரியும் சார்.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். “அந்த நாலு நம்பரக் காட்டுங்க, பாப்போம்.”

புதன்கிழமை பைராம் தோட்டத்திலிருந்து லெட்சுமி என்ற பெண் வந்தாள். மறுநாள் ஜுருவில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. சேர்ந்த தேதி நினைவில்லை, ஆறு வருஷம் இருந்திருப்பேன் என்றாள். பத்மாவதி பெயரைத் தட்டித் தேடி, கடிதத்தை அச்சடித்துக் கொடுத்தாள். லெட்சுமி நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

“லைன் லீடர்னு போட்டிருக்கே அக்கா. கடைசி மூணு மாசம்தான் பாத்தேன். அதுகூடவா வச்சிருக்கீங்க?”

“இருக்கு. நாளைக்கு அதையும் சொல்லு.”

லெட்சுமி சிரித்துக்கொண்டே கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஃபெர்ரியைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.