எதற்கும் இரண்டு

படிகத்துக்குள் எலக்ட்ரான் கண்டபடி பரவிக் கிடக்கும். அதை அணுக்களைச் சுற்றி அடங்கும் சின்னச் சின்ன வானியர் சார்புகளாக மடக்க வேண்டுமானால், முதலில் ஓர் எல்லை சொல்ல வேண்டும். இந்த ஆற்றல் வரை மூலக் கணக்கிலிருந்து இம்மியும் பிசகாதே, அதற்கு மேல் உன் இஷ்டம். அந்த எல்லைக்குப் பெயர் கட்-ஆஃப்.

ஆராய்ச்சிக் குழுத் தலைவருக்கு எந்தப் பொருளானாலும் கட்-ஆஃப் இரண்டு எலக்ட்ரான்வோல்ட். அவருக்கு விருது வாங்கிக் கொடுத்த கட்டுரையில் இரண்டு இருந்தது. அன்றிலிருந்து இயற்கை அவருக்குக் கட்டுப்பட்டது. அது எலக்ட்ரான் நிரம்பி முடியும் மட்டத்துக்கு மேலே இரண்டு என்பதும், மென்பொருளின் பூஜ்யம் வேறு இடத்தில் இருப்பதும் அவர் அந்தஸ்துக்கு எட்டாத அற்ப விஷயங்கள். இந்தப் பொருளில் அந்த மட்டமே ஏழில் இருந்தது. குழுவில் தற்காலிக ஆய்வாளராக இருந்த பெண் ஏழும் இரண்டுமாக ஒன்பது போட்டிருந்தாள்; அதை அடித்துவிட்டு, தன் கையாலேயே இரண்டு போட்டார். முக்கியமான இடமான ஏழு வருவதற்கு முன்பே மூலக் கணக்கின் மேலிருந்த விசுவாசம் முடிந்துபோனது. வரைபடத்தில் இரண்டு ஆற்றல் கோடுகள் ஒட்டிக்கொண்டன; நடுவில் இடைவெளி இல்லையென்றால் அது உலோகம்.

"புது வகை உலோகம்!" என்றார். குழு மொத்தமும் தலையாட்டியது. கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. அவளுடைய வேலை நீட்டிப்பில் கையெழுத்து அவருடையது.

குழுக் கூட்டத்தில் அவள் மூலக் கணக்கின் கரும்புள்ளிகளைச் சிவப்புக் கோடுகளின்மேல் போட்டுக் காட்டினாள். கோடுகள் ஒட்டின இடத்தில் புள்ளிகள் விலகி நின்றன.

"சார், இது உலோகமே இல்ல. கட்-ஆஃப் தப்பு."

"ஏம்மா, இருபது வருஷமா நான் என்ன, கோலமா போட்டுட்டிருந்தேன்? புள்ளியைத் திரும்பக் கணக்கு பண்ணு."

"புள்ளிதான் சார் மூலம்! கோடுதான் அதைப் பாத்துப் போகணும்."

சுற்றிலும் பார்த்தாள். ஆறு முனைவர்கள். கூரை, காப்பிக் கோப்பை, காலணி என்று ஆளுக்கொரு ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தார்கள்.

"அப்ப என் பேரை எடுத்துடுங்க."

"எடுத்தா? நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா யார் பதில் சொல்றது?"

அறிவியல் நேர்மையைப் பற்றி அவர் பேசியதிலேயே வெளிப்படையான வாக்கியம் அதுதான்.

அவள் அங்கேயே கட்டுரைக் கோப்பைத் திறந்து தன் பெயரை அழித்தாள். வேலை நீட்டிப்பில் அவர் கையெழுத்து வரவில்லை.

மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது ஆறு பேரில் ஒருவர் ஓசைப்படாமல் வந்தார்.

"நீ சொன்னது சரிதான்மா. எனக்கும் அதே பிரச்சினை. கட்-ஆஃப் எவ்வளவு போடட்டும்?"

அவள் பெட்டியைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"ரெண்டு போடுங்கண்ணே. அன்னைக்குத் தலையாட்டுனீங்களே!"