அந்தோனி எஸ்

நாற்பது நிமிடத்தை நான்கு விநாடியாகக் குறைத்தவன் நான். 1983-இல் ராபின்சன் ரோட்டில் ஒரு கட்டடத்தின் பன்னிரண்டாவது மாடியில், ஊருக்கெல்லாம் கணினி வேலை செய்து கொடுத்த ஒரு சிறிய கம்பெனியில், இந்தச் சாதனைக்காக எனக்குக் கைகூடத் தட்டினார்கள். முதலாளி மிஸ்டர் கோ எல்லாருக்கும் கறிபஃப் வாங்கித் தந்தார். நான் இரண்டு தின்றேன்.

வேலை இதுதான். நகரத்துக்குள் இருந்த பழைய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நிலத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். செப்டம்பர் முப்பதுக்குள் குடும்பத்தார் வந்து, தங்கள் ஆளின் குழி எண்ணைக் கண்டுபிடித்து, எலும்பைக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்பாரற்றவர்களை மொத்தமாக எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிடுவார்கள். இருபத்தெட்டாயிரம் பெயர்கள். அடக்கப் புத்தகங்களைப் பார்த்து அவற்றைக் கணினியில் ஏற்றி, விக்டோரியா தெருவில் ஒரு கவுண்டரும் திறந்தாகிவிட்டது. ஆனால் ஒரு பெயரைத் தேட நாற்பது நிமிடம் ஆனது. முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போகும் அசட்டுப் புரோகிராம். ஜனங்கள் பெஞ்சில் உட்கார்ந்து தூங்கி வழிந்தார்கள்.

“பெர்னார்ட், ஏதாவது செய்” என்றார் கோ. செய்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அறுபது எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். பாதிக்குமேல் வெற்றிடம். அதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, பெயர், அடக்கம் செய்த தேதி, குழி எண் என்ற மூன்றையும் நெருக்கி வைத்து, நடுவே பிரிப்பதற்கு ஒரு சாய்கோடு போட்டேன். எந்த எழுத்துப் பெயர் எங்கே தொடங்குகிறது என்று தனியாக ஒரு அட்டவணையும் வைத்தேன். முதல் இருநூறு பெயர்களைச் சோதித்தேன். எல்லாம் ஆங், ஆங், ஆங் என்று சீனப் பெயர்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை. பிப்ரவரியில் மாற்றி முடித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

ஜூலையில் கவுண்டரிலிருந்து ஃபோன் வந்தது. ஒரு தமிழ்ப் பெண்மணி நகரமாட்டேன் என்கிறாராம். தமிழ் தெரிந்த யாராவது வரமுடியுமா என்றார்கள். நான் போனேன்.

ரோசம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். கிளமெண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. அன்று செவ்வாய், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

“‘இல்ல இல்ல’ங்கிறாங்க தம்பி. அடக்கம் பண்ணது நானு. எப்படி இல்லாமப் போகும்?”

“இருங்க ஆன்ட்டி. பேரு சொல்லுங்க.”

“அந்தோனி, எங்க வீட்டுக்காரரு. அவரு அப்பா பேரு இஞ்ஞாசி. அம்பத்தேழு ஆகஸ்டு.”

“நாலே செகண்டுல வரும், பாருங்க.” மெனக்கெட்டு அவர் பக்கம் திரையைத் திருப்பியும் வைத்தேன். என் வித்தையை ஒரு தமிழ்க்காரர் பார்க்கட்டும் என்ற ஆசைதான்.

நான்கு விநாடியில் வந்தது. அந்தோனி எஸ். அந்தோனி எஸ். அந்தோனி எஸ். அறுபத்தொரு வரிகள். தேதி என்ற இடத்தில் பூஜ்யம், குழி எண் என்ற இடத்தில் பூஜ்யம்.

“வந்துட்டாரா?” என்றார்.

எங்கள் பெயர்களின் நடுவிலேயே ஒரு சாய்கோடு இருக்கிறது. அந்தோனி எஸ்/ஓ இஞ்ஞாசி. இன்னாரின் மகன் என்பதற்கு எஸ்/ஓ, இன்னாரின் மகள் என்பதற்கு டி/ஓ. பதிவு, ரேஷன், பள்ளிக்கூடம் என்று இந்த ஊரில் எங்களுக்கு எதை எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார்கள். என் புரோகிராம் அந்தக் கோட்டைப் பார்த்ததும் பெயர் முடிந்துவிட்டது என்று நினைத்தது. மிச்சமிருந்த ‘ஓ இஞ்ஞாசி’யைத் தேதி என்று எடுத்துக்கொண்டது. தேதியில் எழுத்து இருந்தால் பூஜ்யம் போடு என்று எழுதியவன் நானேதான். தேதி போய்க் குழி எண்ணின் இடத்தில் உட்கார, அதற்கும் பூஜ்யம். உண்மையான குழி எண் நான்காவது ஆளாக வந்து நின்றது. நான்காவது ஆளுக்கு என் கணக்கில் இடமே இல்லை. அட்டவணை போடும்போது என் புரோகிராம் எல்லாரையும் இப்படிப் பிரித்துப் படித்து, படித்ததை மட்டுமே திரும்ப எழுதிவைத்ததால், மிச்சமெல்லாம் அழிந்துபோயிருந்தது.

இரண்டாயிரத்து முந்நூறு தமிழர்களை இப்படிச் செய்திருக்கிறேன். ஐந்து மாதமாக யாரும் சொல்லவில்லை. பேர் பொறித்த கல் வைத்தவர்களுக்குத் தேட வேண்டிய அவசியமே இல்லை. மரச் சிலுவை வைத்தவர்களிடம் கவுண்டரில் ‘இல்லை’ என்றிருக்கிறார்கள். ஆபீசர் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால், எங்கள் ஆட்கள் ஏன் என்று கேட்காமல் எழுந்து போய்விடுகிறவர்கள்.

ரோசம்மா போகவில்லை. நான்தான் கோழை. “கம்ப்யூட்டர்ல சின்னக் கோளாறு ஆன்ட்டி. அடுத்த வாரம் வாங்க” என்றேன்.

ஓட்டமாக ஆபீசுக்கு வந்தேன். பழைய தகவலைப் பிரதி எடுத்து வைத்த டேப் இருக்க வேண்டும். டேப் அறைக்கு ஆயிஷாதான் ராணி. அவளுக்குத் தெரியாமல் ஒரு சுருள்கூட உள்ளே போகாது. எங்கள் தொழிலில் மூன்று டேப் வைத்துச் சுழற்றுவோம். இந்த வாரத்துக்கு மகன், போன வாரத்துக்கு அப்பா, அதற்கும் முந்தின வாரத்துக்குத் தாத்தா. புது மகன் வந்தால் தாத்தாவை அழித்துத்தான் எழுத வேண்டும்.

“பிப்ரவரி டேப்பா?” என்று ஆயிஷா சிரித்தாள். “இப்ப ஜூலை லா. அப்பா, தாத்தா எல்லாம் எப்பவோ போயாச்சு.” என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். இருந்தும் மூன்று டேப்பையும் எடுத்துப் போட்டுக் காட்டினாள். மூன்றிலும் அந்தோனி எஸ்.

அடக்கப் புத்தகங்களைக் கேட்டு, நிலத்தை எடுக்கும் இலாகாவுக்கு ஃபோன் செய்தேன். கறையான் அரித்த புத்தகங்கள், மார்ச்சிலேயே எரித்துவிட்டார்களாம். “எல்லாம் சரிபார்த்தாச்சு என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?” என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார்கள்.

இதில் என்னை நானே மன்னிக்க முடியாத சங்கதி ஒன்று உண்டு. என் அடையாள அட்டையில் இருப்பது பெர்னார்ட் எஸ்/ஓ மரியசூசை. பாலிடெக்னிக்கில் ஒரு விரிவுரையாளர் அந்த எஸ்ஸையும் ஓவையும் சேர்த்துப் படித்து என்னை ‘பெர்னார்ட் சோ’ என்று கூப்பிட்டார். ஏதோ சீனக் குடும்பப் பெயர் என்று நினைத்துவிட்டார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எஸ்/ஓவையும் அப்பாவையும் சேர்த்துக் கழற்றிவிட்டேன். ஆபீசில் நான் வெறும் பெர்னார்ட். சாய்கோடு போடும்போது, எவன் பெயரில் இது வரப்போகிறது என்று நினைத்தது அந்த வெறும் பெர்னார்ட்தான்.

அடுத்த செவ்வாயும் ரோசம்மா வந்தார். அதற்கடுத்த செவ்வாயும் வந்தார். வரும்போதெல்லாம் எதையாவது கொண்டுவந்தார். ஒருமுறை கணவரின் துறைமுக வேலை அட்டை. ஒருமுறை கல்யாணப் படம். எதிலும் குழி எண் இல்லை. ஓஃபிர் ரோட்டு மாதா கோவிலின் பதிவேட்டைப் பார்த்தோம். அந்தோனி, இஞ்ஞாசியின் மகன், ஆகஸ்டு பதினான்கு, அடக்கம். அழகான கையெழுத்து. குழி எண் எழுதும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

ஒரு நாள் ரோசம்மா என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கே கூட்டிப் போனார். “இங்க ஒரு மரம் நின்னுச்சு தம்பி. அதுலேர்ந்து பதினோரு எட்டு வச்சா அவரு. கால்வாய அகலம் பண்றப்ப மரத்த வெட்டிட்டாங்க. அஞ்சு வருசமா குத்துமதிப்பாத்தான் மெழுகுவத்தி கொளுத்துறேன்.” மரம் நின்றதாகச் சொன்ன இடத்தில் இப்போது சிமெண்டுக் கால்வாய் ஓடியது. அவர் அங்கேயும் இங்கேயுமாக நின்று மூன்று முறை எட்டு வைத்துப் பார்த்தார். மூன்று முறையும் வேறு வேறு மேட்டில் போய் நின்றார்.

அங்கிருந்த அதிகாரியிடம் கெஞ்சினேன். நல்ல மனிதர். “எண் இல்லாமல் திறந்தால், அது வேறு குடும்பத்து ஆளாக இருந்தால் என்ன செய்வது?” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. யார் சொன்னதிலும் தப்பில்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் ரோசம்மா சொன்னார். “கோவில்ல ரெண்டு பேரு சாம்பல் வைக்கிற மாடமாக் கேட்டு எழுதி வச்சிருக்கேன். அவரு மொதல்ல போயிடட்டும். நான் பொறவு வர்றேன். அவரோட நான் இருந்ததே ஒன்றரை வருசந்தான் தம்பி.”

செப்டம்பர் முப்பது வெள்ளிக்கிழமை. அதற்குள் புரோகிராமைத் திருத்திவிட்டேன். சாய்கோட்டுக்குப் பதில் யார் பெயரிலும் வராத வேறொரு குறி. இப்போது எஸ்/ஓ, டி/ஓ எல்லாவற்றையும் பிசகாமல் தேடும். தேடி எடுப்பதற்கு அப்பன் பெயர்தான் உள்ளே இல்லை.

ரோசம்மா நாலு மணிக்கு வந்தார். வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், பள்ளிக்கூடச் சீருடையிலேயே இருந்தார். “கடைசியா ஒருவாட்டி பாருங்களேன்” என்றார். பார்த்தேன். அறுபத்தொரு வரிகள். திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது அவருக்கு.

“இவங்க எல்லாரும் அந்தோனியா?”

“ஆமா ஆன்ட்டி.”

“பக்கத்துல ஒரு எழுத்து நிக்கிதே, அது என்னா?”

“எஸ். மகன்னு அர்த்தம்.”

“யாரு மகன்?”

ஐந்து மணிக்குக் கவுண்டர்ப் பெண் பலகையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். நாங்கள் இருவரும் ஜனங்கள் தூங்கி வழிந்த அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

“ஆன்ட்டி, கம்ப்யூட்டர் மேல தப்பு இல்ல” என்றேன். “நான்தான் பண்ணேன். உங்க வீட்டுக்காரர் பேரு, நம்பரு எல்லாம் சரியா இருந்துச்சு. ஒரு பேரத் தேட நாப்பது நிமிசம் ஆவுது, எல்லாரும் காத்துக் கெடக்குறாங்கன்னு, சீக்கிரம் வரட்டும்னு மாத்தினேன். மாத்துறப்ப போயிடுச்சு.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். செருப்பைக் கழற்றி அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை, புரிந்துகொள்ள முயல்கிற முகம்.

“நாப்பது நிமிசமா?”

“ஆமா.”

“நான் உக்காந்திருப்பேனே தம்பி” என்றார்.