கமலாவுக்குக் கடல் காட்டினார்கள்

தம்பி யோகேந்திரா அந்தப் பேச்சை எடுத்தபோதே கமலாவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரொட்டியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டே, ஏதோ கத்தரிக்காய் வாங்கலாமா என்று கேட்பவன் போலக் கேட்டான். "அக்கா, அடுத்த வாரம் கயாக்குல போலாமா? நம்ம சவேனி பீச்சுலேருந்துதான் கூட்டிட்டுப் போறாங்க. புதுசா வர்றவங்களுக்கு எல்லாம் சொல்லித் தருவாங்களாம். தண்ணிக்குள்ள மீன், பவளம் எல்லாம் காட்டுவாங்க."

கயாக் என்றால் என்ன என்று கேட்டாள். நீளமான பிளாஸ்டிக் தோணி, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடவேண்டியது என்றான். போன வருஷம் ஃபிஜியில் இந்தியர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் சுற்றுலா வருவது நின்றுபோனதால் உள்ளூர்க்காரர்களைப் பாதி விலைக்கே கூட்டிப்போகிறார்களாம். தம்பி பெண்டாட்டி உர்மிளா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "வாங்க அக்கா, நல்லா இருக்கும்" என்றாள். அவள் குரலில் தேன் ஒழுகியது. உர்மிளா குரலில் தேன் ஒழுகினால் கமலா கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பதினெட்டு வருஷப் பழக்கம் அது.

கடல் அவர்கள் கரும்புக்காட்டைத் தாண்டினால் வந்துவிடும். ஆனால் கோவில் திருவிழாவுக்கு முழுக்குப் போடவும் செத்தவர்கள் சாம்பலைக் கரைக்கவும் தவிர அந்த வீட்டில் யாரும் அதில் கால் வைத்ததில்லை. கரும்புக்காரனுக்கு எதற்குக் கடல்? அதிலும் யோகேந்திரா லௌடோகா டவுனில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கவிழ்ந்து படுத்துத் தூங்குகிறவன். அவனுக்குத் திடீரென்று மீன் பார்க்கும் ஆசை வந்ததாம். யார் காதில் பூ சுற்றுகிறான்?

அந்த வருஷங்களில் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. நாட்டை விட்டுப் போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. சொன்னால் கண் பட்டுவிடும், வீட்டில் திருட்டுப் போகும், சொந்தக்காரர்கள் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார்கள். அதனால் ஒருநாள் ராத்திரி நாந்தி ஏர்போர்ட்டுக்கு வேன் போகும். காலையில் பார்த்தால் வீடு பூட்டியிருக்கும். ஆனால் போவதற்கு முன்னால் ஒன்று மட்டும் எல்லாரும் செய்தார்கள். பிறந்ததிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காத சொந்த நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். பக்கத்துக் காட்டு வெங்கடசாமி குடும்பம் அப்படித்தான், குழந்தைகுட்டியோடு ஒரு தீவுக்குப் போய் தொப்பி போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து வந்தது. அடுத்த மாதம் ஆள் இல்லை. அவர்கள் நாய் மட்டும் கமலா வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொண்டது.

இப்போது தன் வீட்டிலேயே கடல், மீன் என்று பேச்சு. ஊரை விட்டுப் போனவர்கள் பலரும் நியூசிலாந்துக்குத்தான் போயிருந்தார்கள். அங்கே மனுப்போட்டால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் ஆகாத அக்காளுக்கு அதில் இடமில்லை என்று ஊரில் பத்து பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அம்மா செத்தபோது யோகேந்திராவுக்கு ஏழு வயது. அவனைத் தூக்கி வளர்த்ததில்தான் கமலாவின் கல்யாண வயசு போயிற்று. இவன் போய்விட்டால் அவளுக்கென்று ஒரு நாதியில்லை. கரும்புக்காட்டின் குத்தகைக் கெடுவும் அடுத்த வருஷம் முடிகிறது.

கேட்கலாம்தானே என்று நீங்கள் சொல்லலாம். கமலாவா கேட்பாள்? கேட்டால் பொய் சொல்வார்கள், கேட்காமல் இருந்தால்தான் உண்மை வெளியே வரும் என்பது அவள் கட்சி. "சரி, வர்றேன்" என்றாள். தம்பியும் உர்மிளாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கமலா பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். மரவள்ளி பிடுங்கிய இடத்தில் உர்மிளா புதுக் குச்சி நடவில்லை. தகரக் கூரையில் ஓட்டை ஒழுகுகிறது, தம்பி கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுப் போகிறான், ஏணியை எடுக்கவில்லை. பேத்தி மாதிரி செல்லம் கொடுத்து வளர்த்த அவன் மகள் ஷைனல், பதினைந்து வயசுக் கழுதை, திடீரென்று அத்தை மடியில் வந்து தலைவைத்துப் படுத்தாள். ஒவ்வொன்றும் கமலாவுக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமை பீச்சுக்குப் போனார்கள். வழிகாட்டி செமி என்ற பூர்வகுடி ஃபிஜிக்காரர், ஆறடி உயரம், நாற்பது வயசிருக்கும். அவர் இவர்கள் வீட்டில் பேசுகிற இந்தியிலேயே சரளமாகப் பேசினார். கமலா அவரையும் விட்டுவைக்கவில்லை. போன வருஷம் கலவர நேரத்தில் ராத்திரி கூரையில் கல் விழுந்ததே, எறிந்தது யார் என்று இவருக்குத் தெரிந்திருக்குமோ? அவர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி இறுக்கிக் கட்டியபோது, அவிழ்க்கத் தெரியாதபடி கட்டுகிறாரோ என்று வாரைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கண்ணாடி முகமூடிக்குள் எச்சில் துப்பித் தேய்க்கச் சொன்னார். அப்போதுதான் ஆவி படியாதாம்.

"துப்பணுமா? மூஞ்சில மாட்டறதுலயா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"துப்பு அக்கா. எல்லாரும் துப்பறாங்க பாரு."

துப்பினாள். அது ஒன்றுதான் அன்று அவள் மனசாரச் செய்த காரியம்.

கனம் கூடியவர்கள் பின்னால் உட்கார வேண்டும் என்றார் செமி. முன்னால் இருப்பவர் துடுப்புப் போடுவதைப் பார்த்து அதே தாளத்தில் பின்னால் இருப்பவர் போட வேண்டும், இல்லாவிட்டால் துடுப்பும் துடுப்பும் மோதும். தம்பியோடு உட்காரலாம் என்று கமலா போனாள். அதற்குள் ஷைனல் அப்பாவின் தோணியில் ஏறிவிட்டாள். உர்மிளா மற்ற தோணியின் முன் இருக்கையில் உட்கார்ந்து, "வாங்க அக்கா" என்றாள். இதுவும் பேசி வைத்ததுதான் என்று கமலாவுக்கு நிச்சயமாகிவிட்டது.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. கரையோரம் சேறு கலங்கிய நிறம், கொஞ்சம் தள்ளிப் போனதும் அடி மணல் தெரிய ஆரம்பித்தது. முதலில் துடுப்பும் துடுப்பும் இடித்துக்கொண்டன. பிறகு கமலா உர்மிளாவின் தோளைப் பார்த்துப் போடக் கற்றுக்கொண்டாள். இடது, வலது, இடது. மாமியார் இல்லாத வீட்டில் மாமியார் வேலையும் தானே பார்த்தவளுக்கு, அந்தத் தோள் சொல்கிறபடி கையை ஆட்டவேண்டியதாகப் போயிற்று. அதைவிட எரிச்சல், உர்மிளாவின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. முகம் தெரிந்தால் எந்த நினைப்பையும் பிடித்துவிடுவாள். முதுகில் என்னத்தைப் படிப்பது?

பவளப்பாறை வந்ததும் செமி தோணிகளைச் சேர்த்துக் கட்டினார். மூச்சுக்குழாயைப் பல்லால் கடித்து, வாயாலேயே மூச்சுவிடச் சொல்லித்தந்தார். கமலா ஒரு மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு பாவாடையோடு தண்ணீரில் இறங்கினாள். "டரோ நை, தீதி" என்று பயம் தெளியவைத்து, அவர் வளையத்தைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டு போனார்.

முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். ஐயோ, என்ன சொல்வது. மஞ்சள் மீன்கள் கூட்டமாக அவள் விரலிடையில் புகுந்து போயின. நீலமாக ஒன்று நின்று அவளையே பார்த்தது. இத்தனை வருஷம் வீட்டுக்குப் பின்னால் இது இருந்திருக்கிறது, ஒருத்தரும் சொல்லவில்லையே என்று ஆச்சரியமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கொஞ்ச நேரம் அவள் எதையும் சந்தேகப்படவில்லை. வாயில் குழாய் இருந்ததால் சிரிக்க முடியாமல் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, இருமிக்கொண்டு தோணிக்குத் திரும்பினாள்.

உர்மிளா தண்ணீரில் இறங்கவே இல்லை. "இன்னும் கொஞ்சம் தள்ளி நல்லா இருக்குமாம், நீங்க போய்ட்டு வாங்க" என்று புருஷனையும் மகளையும் செமியோடு அனுப்பினாள். தோணி நங்கூரக் கயிற்றில் லேசாக ஆடியது. மற்றவர்கள் கூப்பிடு தூரத்தில் மிதந்தார்கள்.

உர்மிளா திரும்பவில்லை. தமிழில் பேசினாள். வீட்டில் இந்திதான் பேசுவாள். ஷைனலுக்குப் புரியக்கூடாத பேச்சுக்கு மட்டும் தமிழ்.

"காயிதம் வந்துடுச்சு அக்கா. நியூசிலாந்துலேருந்து. மூணு பேருக்கு."

கமலா எதிர்பார்த்ததுதான். இருந்தும் கை துடுப்பை விட்டுவிட்டது. நல்லவேளை, அது கயிற்றில் கட்டியிருந்தது.

"எப்ப வந்துச்சு?"

"நாளாச்சு. அவுங்க போகமாட்டேங்கறாங்க. அக்காவ விட்டுட்டு வரமாட்டேன், நீயும் பொண்ணும் வேணா போங்கன்னு சொல்றாங்க. காலம் தாண்டிப்போனா காயிதம் செல்லாது."

கமலாவுக்கு வேறு எதுவுமே காதில் விழவில்லை. போகமாட்டேன் என்றானா? என் தம்பி அப்படியா சொன்னான்? அவள் நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஒரு வாரமாக அவனைத் திருடனைப் போலப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும் போலிருந்தது.

பிறகுதான் கேட்டாள். "இதச் சொல்லத்தான் நடுக்கடலுக்கு இழுத்துட்டு வந்தியா?"

"வீட்ல சொன்னா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுவீங்க. இங்கேருந்து எங்க போவீங்க?"

அது நூற்றுக்கு நூறு உண்மை. கமலாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

"ஷைனல் இன்னமும் ராத்திரி செருப்பு போட்டுக்கிட்டுத்தான் படுக்கறா" என்றாள் உர்மிளா. "கல்லு விழுந்த நாள்லேருந்து. ஓடணும்னா ஓடலாமேன்னு. நான் கழட்டி விட்டாலும் முழிச்சு மறுபடி போட்டுக்கறா. நீங்க சொன்னாதான் அக்கா அவுங்க கேப்பாங்க. நான் வேற யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

முதுகு குலுங்கியது. பதினெட்டு வருஷத்தில் உர்மிளா கமலா முன்னால் அழுததில்லை. இப்போதும் முன்னால் அழவில்லை, திரும்பிக்கொண்டுதான் அழுதாள். கமலாவுக்குக் கோபம் வந்தது. என்ன துணிச்சல் இவளுக்கு, என்னையே பிடித்துத் தள்ளச் சொல்கிறாளே, அதையும் நானே செய்யவேண்டுமாமே. தூரத்தில் ஷைனல் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிக் கையை ஆட்டினாள். கமலாவும் ஆட்டினாள்.

"மூக்கச் சிந்து. அவன் வர்றான்" என்றாள் கமலா.

பக்கத்து மணல் திட்டில் சாப்பாடு. ரொட்டி, டின் மீன் கறி, மாங்காய்ச் சட்னி. செமி தன் பங்கை வாங்கிக்கொண்டு மரியாதையாகத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். ஷைனல் கிளிஞ்சல் பொறுக்கப் போய்விட்டாள். யோகேந்திராவின் முகத்தில் முகமூடியின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. ஏழு வயசில் இருந்த மூஞ்சி அப்படியே இருக்கிறது என்று நினைத்தாள். நினைப்பு மனசை மாற்றிவிடுவதற்குள் பேசிவிட வேண்டும்.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் லம்பாசாவுக்குப் போறேன். புலிலேகாவுல நம்ம பெரியம்மா மக அஞ்சலை இருக்கால்ல, வந்து கூட இருன்னு ரொம்ப நாளா கூப்பிடறா. வரேன்னு சொல்லிட்டேன்."

லம்பாசா வேறு தீவு; அஞ்சலை கூப்பிட்டது ஒரு கல்யாண வீட்டில், பேச்சோடு பேச்சாக, எப்போதோ. போய் நின்றால் இடம் கொடுப்பாளா என்பதே கமலாவுக்குத் தெரியாது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன அக்கா சொல்றே" என்று கேட்பதற்கு முன்னால், ஒரு கணம், அவன் தோள் இறங்கியது. பெரிய மூட்டையை இறக்கிவைத்தவனைப் போல மூச்சு வந்தது. பிறகுதான் வார்த்தைகள் வந்தன. எல்லாம் நல்ல வார்த்தைகள். உன்ன யாரு போகச் சொன்னா, நான் இருக்கறப்ப நீ எதுக்கு இன்னொருத்தர் வீட்டுக்கு, நீ என் அம்மா மாதிரி. அவன் சொல்லி முடிக்கும்வரை கமலா பொறுத்திருந்தாள். அந்தத் தோள் இறங்கியதை அவள் பார்த்துவிட்டாள். ஒருநாளும் இல்லாமல், கண் இப்படிக் கூர்மையாக இல்லாவிட்டால் என்ன என்று தோன்றியது.

"உர்மிளா எல்லாம் சொன்னா" என்றாள். "நான்தான் போறேனே, இனி உனக்கென்ன. பொண்ணக் கூட்டிட்டுக் கெளம்பு. எப்ப போறதா இருந்தா வசதி?"

"பதினாலாந்தேதி ராத்திரி பிளேன்" என்றான் யோகேந்திரா.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். கடல் பக்கம் பார்த்தான். உர்மிளா ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, ஒன்றையும் தின்னாமல் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப டிக்கெட் எடுத்தாச்சு. போகமாட்டேன்னு சொன்னதெல்லாம் சும்மா" என்றாள் கமலா.

 அவன் மணலைப் பார்த்தபடி, "உன்ன விட்டுட்டுப் போய்ட்டான்னு ஒரு பேச்சு இருக்கக்கூடாதுன்னுதான் அக்கா" என்றான். குரல் உடைந்தது. அது நடிப்பில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

கமலா சட்னி டப்பாவை மூடி, பக்கத்தில் வைத்தாள்.

"இருக்காது" என்றாள். "நான்தானே உங்கள விட்டுட்டுப் போறேன்."