வேஸ்ட் நூலில் ஒரு டிபன் பை

என் வீட்டுக்காரர் இன்னாசிமுத்துவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரியாத வேலையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைக் கம்பெனி கேட்டிலேயே காட்டிவிட்டு வந்தார்.

அப்போது அறுபத்தெட்டாம் வருடம். ஓசூரில் மாதா கோயிலுக்குப் பின்சந்தில் குடியிருந்தோம். அவருக்கு அத்திப்பள்ளி தாண்டி, மைசூர் ராஜ்யத்துப் பக்கம் ஒரு இஞ்சின் கம்பெனியில் லேத் வேலை. அங்கே கை துடைக்கவும் மிஷின் துடைக்கவும் 'காட்டன் வேஸ்ட்' கொடுப்பார்கள். நூல் மில்லில் மிஞ்சிய துண்டு நூல்கள்தான். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் சிக்கும் சிடுக்குமாக ஒரே கும்பலாக இருக்கும். துடைத்துக் கரியானதும் கொல்லைப் பக்கம் குழியில் போட்டுக் கொளுத்திவிடுவார்கள்.

ஒரு நாள் துவைக்கப் போட்ட அவர் சட்டையின் பாக்கெட்டில் அதில் ஒரு பிடி கிடந்தது. எறியப் போனேன். கரிக்குள்ளிருந்து ஒரு ரோஜா நிற நூல் எட்டிப் பார்த்தது. கன்னியாஸ்திரிகளிடம் குரோஷா ஊசி பழகிய கை சும்மா இருக்குமா? "இன்னும் கொண்டாங்க" என்றேன். அன்றிலிருந்து குழிக்குப் போகிற வேஸ்ட்டில் ஒரு மூட்டை அவரோடு பஸ் ஏறி வந்தது. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் மாதப்பன், "இந்தக் கருமத்த எதுக்குண்ணா சொமக்கற?" என்று சிரிப்பானாம்.

அந்தக் கருமத்தைச் சாம்பல் தண்ணீரில் ஊறவைப்பேன், சலவைச் சோடா போட்டு வேகவைப்பேன், கல்லில் அடித்து அலசுவேன். மறுபடியும் ஊறவைப்பேன். காய்ந்ததும் உட்கார்ந்து சிக்கெடுத்து, துண்டு துண்டாக முடிச்சுப் போட்டு உருண்டையாகச் சுற்றுவேன். பிறகு பின்னல். வெறும் நூல் பை பாரம் தாங்காமல் முழங்கால் வரை தொங்கிவிடும் என்பதால் அடியில் கோணிச் சாக்கு வைத்துத் தைப்பேன். கைப்பிடிக்குப் பழைய சைக்கிள் ட்யூபை வார் வாராக வெட்டி, மேலே நூல் சுற்றிவிடுவேன். பக்கத்து வீட்டு மங்கம்மா என் பையை எடுத்துக்கொண்டுதான் சந்தைக்குப் போவாள்.

இருப்பதிலேயே அழகான நூலையெல்லாம் ஒதுக்கி வைத்து அவருக்கு ஒரு டிபன் பை பின்னினேன். ரோஜா நிறமும் கிளிப்பச்சையும் மாறி மாறி வரும். கரி இருந்த சுவடே தெரியாது. வாங்கிப் பார்த்தார், "நல்லாத்தான் இருக்குது" என்றார். அந்த மனுஷனிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு. தினமும் அதில்தான் சாப்பாடு போயிற்று.

சில வாரம் கழித்து ஒரு நாள், காலையில் வேலைக்குப் போனவர் மதிய உலை கொதிக்கும் நேரத்துக்கே வீட்டுக்கு வந்து நின்றார். கையில் பையும் இல்லை, டிபன் கேரியரும் இல்லை.

"என்னாங்க, ஒடம்புக்கு முடியலையா?"

"பையப் புடிச்சி வச்சிக்கிட்டாங்க, பவுலினா."

ஸ்டோரில் புது வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் காணாமல் போயிருக்கிறது. கேட்டில் எல்லோரையும் சோதனை போட்டிருக்கிறார்கள். என் பையைப் பார்த்ததும் கேட் ஆபீசர், "இது நம்ம கம்பெனி நூல்தானே? புதுசு மாதிரி இருக்கே, யாரு பண்ணினது?" என்று கேட்டிருக்கிறார். இவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கொளுத்தப் போகிற நூல் சார், என் பெண்டாட்டி துவைத்துப் பின்னினாள் என்று சொன்னால் முடிந்தது. இவர் சொன்னது, "காவேரிப்பட்டினம் சந்தையில வாங்கினன் சார்."

எந்தக் கடை, யார் விற்றது என்று அடுத்த கேள்வி வந்ததும் முழித்திருக்கிறார். அதற்கப்புறம் உண்மையைச் சொல்லி என்ன பிரயோஜனம்? நாளைக்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் திருட்டு என்று எழுதி வேலையை விட்டு நிறுத்திவிடுவோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"திருட்டுன்னு பேசறாங்க. அந்த எடத்துல உன் பேரு எதுக்குன்னு..."

எனக்கு வந்த கோபத்தில் முதலில் வேலை போவது கூட உறைக்கவில்லை. "அதுக்குன்னு சந்தையில வாங்கினதுன்னா சொல்லுவீங்க? எந்தச் சந்தையில அடியில கோணி வச்சித் தைக்கறான்? நாளைக்கி நானும் வர்றன்" என்றேன்.

மறுநாள் குளிரில் பல் தந்தியடிக்க, வாளி, சாம்பல், சோடா சகிதம் முதல் பஸ் ஏறினேன். கண்டக்டர், "என்னாம்மா, பெங்களூரத் தொவைக்கப் போறியா?" என்றான். நான் முறைத்த முறையில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டான்.

கேட் ஆபீசர் கன்னடக்காரர். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். என் பை அவர் மேஜை மேல் இருந்தது. நான் நடந்ததைச் சொல்லி, குழியிலிருந்து ஒரு பிடி வேஸ்ட் கேட்டேன். மாதப்பன் கொண்டு வந்தான். கேட் குழாயடியிலேயே உட்கார்ந்து துவைத்தேன். ஷிஃப்டுக்கு வந்தவர்களெல்லாம் சுற்றி நின்றார்கள். தண்ணீர் கரியாக ஓடிற்று. மறுபடி, மறுபடி. நூல் கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்குத்தான் வந்தது. ஊறவைக்காமல், வேகவைக்காமல் அவ்வளவுதான் வரும். அவசரத்தில் அதை மறந்திருந்தேன்.

ஆபீசர் அந்த நூலையும் என் பையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது அது ஆகாதும்மா" என்றார், வருத்தமாகவே.

அவ்வளவு சுத்தமாகத் துவைத்து நானே என் வீட்டுக்காரர் வேலைக்கு உலை வைத்துவிட்டேனே என்று இருந்தது எனக்கு. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சார், அதுல சூடா ஏதாச்சும் வச்சி மோந்து பாருங்க."

"ஏனு? என்னாது?"

"சூடு பட்டா ஆயில் வாசன வரும் சார். புது வேஸ்ட்டுல ஆயில் ஏது? கேரியர் சூட்டுக்குத் தெனமும் வரும். சோத்துலயும் எறங்கிடும்."

மாதப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஆமா சார்! நேத்து சோறு கெட்டுப் போயிடும்னு நான்தான் இவரு கேரியர் சோத்தத் தின்னன். ஒரே லேத் ஆயில் நாத்தம். அந்தம்மா சமையலே அப்பிடித்தான்னு நெனச்சி வாய மூடிக்கிட்டன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கேன்டீனிலிருந்து சுடச்சுட டீ ஜக் வந்தது. அதைப் பைக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து ஆபீசர் முகர்ந்தார். மூக்கைச் சுளித்தார், அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். "ஹோகப்பா, வேலைக்குப் போ" என்று பையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை ஓரமாக இழுத்தேன்.

"இத்தன வாரமா ஆயில் சோறா தின்னீங்க?"

"உம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ பின்னறத வுட்டுருவியே. ஊசியும் கையுமா இருக்கறப்ப உன் மூஞ்சிய நீ பாத்ததில்ல."

கேட் என்றும் பார்க்காமல் நான் அழுதேன். சங்கு ஊதிற்று, அவர் உள்ளே போனார். வழியில் யாரோ பையைத் தொட்டு ஏதோ கேட்டார்கள். அவர் நின்று, என் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்: "எந்தச் சந்தையிலயும் கெடைக்காதுப்பா. எங்க பவுலினா பின்னினது."

வாளியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். மறுநாள் சோற்றில் ஆயில் வாசனை இறங்காமல் இருக்கக் கேரியரை வாழை இலையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அவர் இலையைப் பிரித்து எடுத்துச் சந்தில் நின்ற எருமைக்குப் போட்டுவிட்டு, கேரியரை அப்படியே பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.